காமன் கூத்தும் ‘மூடநம்பிக்கை’யும்

கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் கொணர்ந்ததும், கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பெறுவதுமான காமன் கூத்தைக் கலையெனப் போற்றுவோருளர். அவர்களே அதனைச் சார்ந்த நம்பிக்கைகளை மூடநம்பிக்கையென ஒதுக்குகின்றனர். இப்பிரிப்புப் பொருந்தாது. கம்பம் ஊன்றிய நாள்முதல் ஆடுவோர் நோன்பு காப்பதும், மழையும் மகப்பேறும் வேண்டி மக்கள் நேர்ந்துகொள்வதும் கூத்திற்குப் புறம்பானவையல்ல. (அயர்லாந்து உழவரும் யோவான் திருநாள் நெருப்பின் சாம்பலை விளைவு வேண்டி வயலில் தூவினர், அவர்க்கும் அந்நெருப்பு வெறும் வேடிக்கையன்று.) மன்மதன் எரியுண்ணும் இரவில், முடிவை முன்னரே அறிந்த லயத்து மக்கள் ரதியோடு சேர்ந்து அழுகின்றனர். அங்கு பார்வையாளர் என எவருமிலர். நோன்பையும் நேர்ச்சையையும் களைந்து நகர மண்டபத்தில் மேடையேற்றினால் கதை எஞ்சும். கம்பத்தடியில் அழுத பெண்கள் கதிரைகளில் அமர்ந்து கைதட்டுவர்.