பெயரோடு போகும் நிறம்

ஐந்து பயிர்களின் விளைச்சலை ஐந்து பட்டைகளாக வரைகிறோம்: கரும்பு, சோளம், நிலக்கடலை, நெல், பருத்தி. நெல்லுக்குப் பச்சை கொடுத்தாயிற்று. அடுத்த பக்கத்தில் சோளத்தை விட்டுவிட்டு மற்ற நான்கை மட்டும் வரைகிறோம். அங்கேயும் நெல் பச்சையாகவே இருக்குமா? ஒரு புள்ளியியல் மென்பொருள் தரும் நிற வசதியை எடைபோட இந்த ஒரு கேள்வியே போதும் என்பது என் கருத்து. நிறங்களின் எண்ணிக்கைக்கு எங்கும் பஞ்சமில்லை. புள்ளியியலுக்கான ஆர் மொழியில் பெயரிட்ட நிறங்களே 657 இருக்கின்றன. கொடுத்த நிறம் பயிரின் பெயரைப் பற்றிக்கொள்கிறதா, பட்டை நிற்கும் இடத்தைப் பற்றிக்கொள்கிறதா என்பதில்தான் மென்பொருள்கள் வேறுபடுகின்றன.

ஆர் மொழியோடு கூடவே வரும் பார்பிளாட் கட்டளை இடத்தைப் பற்றிக்கொள்ளும் வகை. நிறங்களை ஒரு வரிசையாகக் கொடுத்தால் முதல் நிறம் முதல் பட்டைக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு என்று பூசிக்கொண்டே போகும். ஐந்து பட்டைகளுக்கு இரண்டே நிறங்களைக் கொடுத்தால் எச்சரிக்கை எதுவும் வராது; சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு என்று திரும்பத் திரும்பப் பூசிவிடும். கரும்பும் நிலக்கடலையும் பருத்தியும் ஒரே இனம் என்று படிப்பவர் நினைத்தால் தவறு அவருடையதல்ல. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் வேறொரு சிக்கல். பயிர்வாரியாகப் பிரித்து வரைந்தாலும் எல்லாப் பட்டைகளையும் அது ஒரே மாறியின் பட்டைகளாகவே கருதுகிறது. அதனால் இரண்டாவது பட்டைக்கு என்று தனியாகக் கொடுத்த நிறம் எடுபடாது. ஏஸ்ஒய்வார்ஸ் என்ற சொல்லைச் சேர்த்த பிறகே ஒவ்வொரு பயிரும் தனி நிறம் ஏற்கும். அப்போதும் நிறத்தை ஒன்று, இரண்டு என்று எண் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். 2023-இல் வந்த 18-ஆம் பதிப்பு இயல்பு வண்ணத் தோற்றத்தை மாற்றியமைத்தது. எண் சொல்லும் இந்த முறை அப்படியே நீடிக்கிறது.

ஹாட்லி விக்கம் உருவாக்கிய ஜிஜிபிளாட்2 இந்த இடத்தில்தான் முன்னே நிற்கிறது. லேலண்ட் வில்கின்சன் 1999-இல் எழுதிய வரைபட இலக்கணத்தை அடியொற்றிய ஆர் தொகுப்பு அது. நிறத்தையும் தரவின் ஒரு கூறாகவே நடத்துகிறது. இயல்பு நிலையில் அதிலும் ஆபத்து உண்டு. பெயர்களை அகரவரிசைப்படுத்தி, வண்ணச் சக்கரத்தைப் பயிர்களின் எண்ணிக்கையால் வகுத்து நிறம் தருகிறது. ஐந்து பயிர் நான்கானால் சக்கரத்தின் இடைவெளி 72 பாகையிலிருந்து 90 ஆகிவிடும். நெல்லின் நிறமும் மாறிவிடும். ஆனால் ஸ்கேல்_ஃபில்_மேனுவல் என்ற கட்டளையில் ஒவ்வொரு பயிரின் பெயருக்கும் நேராக அதன் நிறத்தை எழுதிவிட்டால், எதை நீக்கினாலும் எப்படி வரிசை மாற்றினாலும் நெல் பச்சைதான். பெயரைப் பிழையாக எழுதினால் அந்தப் பட்டை சாம்பல் நிறத்தில் நின்று பிழையைக் காட்டிக்கொடுக்கும். பெயரில்லாமல் கொடுத்த நிறங்கள் போதாவிட்டால் வரையவே மறுத்து, எத்தனை தேவை என்று சொல்லும். பிழையை மறைக்காத கருவியைத்தான் நம்ப முடியும்.

குறைகளும் உண்டு. பட்டையை நிரப்ப ஃபில், ஓரக்கோட்டுக்குக் கலர் என்று இரண்டு சொற்கள் இருப்பது புதியவரைத் தடுமாற வைக்கும். அதைவிடப் பெரிய பொறி, நீலம் என்ற சொல்லைத் தரவை இணைக்கும் ஏஈஎஸ் அடைப்புக்குள் எழுதுவது. அங்கே அது நிறமாக எடுத்துக்கொள்ளப்படாது. நீலம் என்ற பெயருள்ள ஒரு வகையாகிவிடும். பட்டைகள் வெளிர்ச்சிவப்பில் வரும், பக்கத்து விளக்கக் கட்டத்தில் நீலம் என்று எழுதியிருக்கும். இன்னொன்று: இயல்பு நிறங்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வெளிச்ச அளவில் அமைந்தவை. எந்தப் பட்டையும் துருத்தி நிற்காது என்பது அதன் நன்மை. கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும் என்பது அதன் விலை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. 2018-இல் ஜிஜிபிளாட்2-இன் 3.0.0 பதிப்போடு சேர்ந்த விரிடிஸ் வண்ணங்கள் இவ்விரண்டுக்கும் மருந்து. ஆனால் அவை இருளிலிருந்து வெளிச்சத்துக்கு ஏறுவதால் பயிர்களுக்குள் ஏதோ ஏற்றத்தாழ்வு இருப்பதுபோல் காட்டும். பெயர்ப் பிரிவுகளுக்கு, ஆர் 4.0.0 பதிப்பில் 2020-இல் இடம்பெற்ற ஒக்காபே-இட்டோ வண்ணங்களே பொருத்தம்.

சுட்டியால் பட்டையைச் சொடுக்கி நிறம் மாற்றும் மென்பொருள் இருக்க, இத்தனை எழுத்து எதற்கு என்று கேட்கலாம். ஒரே ஒரு படம் என்றால் சொடுக்குவதே விரைவு. ஆனால் சொடுக்குக்குப் பதிவு இல்லை. இந்தப் பட்டை ஏன் சிவப்பு என்பதை அடுத்த ஆண்டு அறிக்கை எழுதுபவர் எங்கே படித்தறிவார்? பார்பிளாட்டிலும் பெயரைக் கொண்டு நிறத்தைத் தேடி எடுக்கலாமே என்பது நியாயமான வாதம். எடுக்கலாம், ஆனால் அந்த ஒழுக்கம் எழுதுபவரைச் சார்ந்தது. கருவி அதைக் காக்காது. இன்னும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: பட்டையின் அடியிலேயே பெயர் இருக்கும்போது நிறம் எதற்கு? கிளீவ்லண்டும் மக்கில்லும் 1984-இல் வெளியிட்ட ஆய்வு, பொது அளவுகோலில் அமைந்த இடத்தையே கண் மிகத் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று காட்டியது. அவர்கள் வகுத்த துல்லிய வரிசையில் நிறச் செறிவு கடைசியாக வந்தது. எனவே தனித்து நிற்கும் படத்துக்கு ஒரே நிறம் போதும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஜிஜிபிளாட்2 தருவதும் ஒரே அடர் சாம்பல்தான்.

ஒரே பயிர் பல படங்களில் திரும்பத் திரும்ப வரும்போது நிறத்துக்கு உண்மையான வேலை வருகிறது. அந்த வேலைக்கு ஜிஜிபிளாட்2-ஐயே பரிந்துரைக்கிறேன். பெயரும் நிறமும் சேர்ந்த பட்டியலை அறிக்கையின் தொடக்கத்தில் ஒருமுறை எழுதிவைத்து, ஒவ்வொரு படமும் அதையே எடுத்துக்கொள்ளச் செய்யுங்கள். பச்சையைப் பார்த்ததும் நெல் என்று கொள்ளும் வாசகரை அது எந்தப் பக்கத்திலும் ஏமாற்றாது.