நோகாமல் குட்டும் கலை

திருவொற்றியூர்க் கோயிலுக்கு ஒரு பழங்கதை உண்டு. எல்லாத் தலங்களுக்கும் பொதுவாக அரசன் ஓர் ஆணை ஓலை எழுதுவித்தான். படித்துப் பார்த்தால் வரிகளுக்கு நடுவே ‘ஒற்றியூர் நீங்கலாக’ என்று இரண்டு சொல் கூடுதலாக இருந்தன. எழுதியவனுக்கும் தெரியாது, எழுதச் சொன்னவனுக்கும் தெரியாது. அது இறைவன் கைவேலை என்று உணர்ந்து அவருக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர் சூட்டினார்கள். அரசனைக் கடிந்து ஒரு சொல் இல்லை, ஓலையும் கிழியவில்லை. திருத்தம் மட்டும் நடந்துவிட்டது. குறை சொல்லிக் கடிதம் எழுதுகிறவர்களுக்கு இதுவே முதல் பாடம்.

அந்தப் பெருமான்மேல் மாலை பாடியவர் இராமலிங்க அடிகள். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் குடியிருந்த நாளில் ஒற்றியூருக்கு நடந்தே போய் வந்தவர். 1858-இல் சென்னையை விட்டுத் தெற்கே போனார். அங்கிருந்து சென்னை அன்பர் இறுக்கம் இரத்தின முதலியாருக்கு அவர் எழுதிய கடிதங்கள், இந்தக் கலையில் ருசி உள்ளவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியவை.

முதலியார் லேசுப்பட்ட அன்பர் அல்ல. அடிகளின் பாடல்களை அச்சிட இசைவு கிடைக்கும்வரை ஒருவேளைதான் உண்பேன் என்று பிடிவாதமாக இருந்தவர். அப்படிப்பட்டவரிடம் குறை சொல்வது எதிரியிடம் சொல்வதைவிடக் கடினம். அன்பர்கள் அடிகளை ‘இராமலிங்கசாமி’ என்று வழங்கத் தொடங்கினார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. அதற்கு அவர் எழுதிய மறுப்பில் மூன்றே அடி: இது எனக்குச் சம்மதமில்லை; அந்தப் பெயர் ஆரவாரமாகத் தோன்றுகிறது; ஆகவே வழங்காதிருக்க வேண்டும். குற்றம் பெயரின் தலையில் விழுகிறதே தவிர முதலியாரின் தலையில் விழவில்லை. காரணத்தைத் ‘தோன்றுகிறது’ என்று தணிவாகச் சொல்கிறவர், சம்மதமின்மையை மட்டும் தணிக்கவே இல்லை. நயம் என்பது இதுதான். குழைவு வேறு, நயம் வேறு.

பலன்? 1867-இல் அந்தப் பாடல்கள் திருவருட்பா என்ற நூலாக வெளிவந்தபோது முகப்பில் ‘சாமி’ இல்லை, ‘சிதம்பரம் இராமலிங்க பிள்ளை’ என்றே இருந்தது. ஆனால் கூடவே ‘திருவருட்பிரகாச வள்ளலார்’ என்று அதைவிடப் பெரிய பட்டம் ஏறியிருந்தது! எவ்வளவு நல்ல கடிதமும் அன்பை ஓரளவுக்குத்தான் கட்டுப்படுத்தும்.

இதே நூலுக்கு 1869-இல் ஆறுமுக நாவலர் தரப்பிலிருந்து ‘போலியருட்பா மறுப்பு’ வந்தது. நாவலரின் உரைநடை வாள்வீச்சு. அதில் எனக்கும் ருசி உண்டு. ஆனால் அது எதிராளி பதிலுக்கு வாள் எடுப்பதைத் தவிர வேறு வழி வைக்கவில்லை. விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது, கட்சிகட்டல் அடுத்த தலைமுறைக்கும் தொடர்ந்தது.

அன்பருக்கு எழுதும்போது சரி, ஆலைக்கு எழுதும்போது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அப்படி ஒரு நிலையில் ‘எங்கள் வயிற்றில் அடித்துவிட்டீர்கள்’ என்று தொடங்கும் மனு நியாயமானதுதான். ஆனால் ஆலை மேலாளர் அதைக் கோப்பில் போட்டுவிட்டுப் போகலாம். ‘பொருள்: எண்ணெய் படிந்த படகுகளைச் சுத்தம் செய்து தருதல்’ என்று தொடங்கி, எந்தத் தேதி, எந்தக் கரை, எத்தனை படகு, எத்தனை நாள் பாடு போயிற்று என்று எழுதி, ‘வரும் திங்களன்று எங்களோடு படகில் வந்து பார்வையிடக் கேட்டுக்கொள்கிறோம்’ என்று முடிக்கும் மனுவுக்கு அவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

தேர்ந்த கை மனுவின் அடியில் தெரியும். ‘தங்கள் உண்மையுள்ள’ என்று பணிவாகக் கையெழுத்துப் போட்டு, அதற்குக் கீழே ‘நகல்: மாவட்ட ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்’ என்று ஒரு வரி. மிரட்டல் எதுவும் இல்லை, யார் யார் படிக்கப்போகிறார்கள் என்ற தகவல் மட்டும். மேலாளர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.