எழுத்தும் பொருளும்: கொலென்சோ அத்தியட்சரின் வேதாகம ஆராய்ச்சி

சமய நூலொன்றனைப் போற்றுதல் வேறு. அதன் ஒவ்வோர் எழுத்தும் நிகழ்ந்ததை நிகழ்ந்தவாறே கூறுவது எனக் கொள்ளுதல் வேறு. இவ்விரண்டும் ஒன்றே எனக் கருதப்படுமிடத்து, எழுத்திற் பிழை காண்பவன் சமயத்துக்கே பகைவனாக எண்ணப்படுகின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத் திருச்சபையில் இப்பழிக்கு ஆளானவர்களுள் ஒருவர், தென்னாபிரிக்காவின் நேட்டாலில் அத்தியட்சராயிருந்த ஜோன் வில்லியம் கொலென்சோ. பஞ்சாகமத்தையும் யோசுவாவின் நூலையும் ஆராய்ந்து அவர் எழுதிய பெருநூல் 1862 முதல் 1879 வரை ஏழு பகுதிகளாக வெளிவந்தது. சமயப் பற்றுடைய ஒருவர் தம் சமய நூலை எவ்வாறு ஆராயலாம் என்பதற்கும், அத்தகைய ஆராய்ச்சி எவ்விடத்து வழுவும் என்பதற்கும் அந்நூல் ஒருங்கே சான்றாகின்றது.

கொலென்சோ 1814 இற் பிறந்தவர்; கேம்பிறிட்ஜிற் கணிதம் பயின்றவர். அவர் எழுதிய எண்கணித, அட்சரகணித நூல்கள் ஆங்கிலப் பள்ளிகளிற் பெருவழக்குப் பெற்றிருந்தன. 1853 இல் அத்தியட்சரான பின்னர் அவர் சூலு மொழியைக் கற்று, அதற்கு இலக்கணமும் அகராதியும் செய்தார். வேதாகமத்தை அம்மொழியிற் பெயர்த்துவந்த காலத்தில், அவருக்குத் துணையாயிருந்த வில்லியம் இங்கிடி என்னும் சூலு அன்பர் பிரளயக் கதையைப் பற்றி ஐயம் எழுப்பினார். வெப்ப நாட்டு விலங்கும் குளிர் நாட்டு விலங்கும் இணையிணையாக வந்து பேழையுட் புகுந்தது மெய்தானோ? அவையனைத்துக்கும் உணவு தேடி வைத்தல் இயலுமோ? நிலநூல் அறிந்த அத்தியட்சர் ஆமென்று கூற நாணினார். இறைவன் பெயராற் பொய்யுரைத்தல் தகாது என்னும் உணர்ச்சியே அவரது ஆராய்ச்சிக்கு வித்தாயிற்று.

முதற் பகுதி முழுவதும் கணக்காசிரியரின் கை தெரிகின்றது. எகிப்தினின்றும் வெளியேறியோருள் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் 603,550 பேர் என்கிறது எண்ணாகமம். பெண்டிரும் சிறாரும் சேரின் இருபது இலட்சத்துக்குக் குறையாது. இச்சபையார் அனைவரும் ஆசரிப்புக் கூடார வாயிலிற் கூடினர் என்கிறது லேவியராகமம். அக்கூடாரத்தின் பிராகாரமோ நூறு முழ நீளமும் ஐம்பது முழ அகலமுமே உடையது. தலைப்பிள்ளைகளான ஆண்கள் 22,273 பேர் என்று கொண்டால், ஒவ்வொரு தாயும் நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்மக்களைப் பெற்றிருத்தல் வேண்டும். எனவே இவை கண்டார் எழுதிய வரலாறு ஆகா என்பது அவர் முடிபு.

மத்தியூ ஆர்னல்ட் 1863 இல் இந்நூலைக் கடிந்து எழுதினார். கற்றோர்க்குப் புத்தறிவும் மற்றோர்க்கு உளவளமும் இதனாற் கிடைக்கவில்லை என்பது அவர் கருத்து. அக்கண்டனத்தில் ஒருபால் உண்மை உண்டு. வெளிப்படையாக வரும் சொல்லும் குறிப்பாற் பொருளுணர்த்தும் சொல்லும் வேறு என்பது தமிழிலக்கணம் கற்றார் அறிந்தது. சூரியன் தோன்றுமுன் மாலையும் காலையும் உண்டாதல் எங்ஙனம் என வினாவி, ஆதியாகமத்துக்குக் குறிப்புப்பொருள் கண்டவர் மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிகன். கொலென்சோவோ முதற் பகுதியில் எதிரிகள் நின்ற நிலத்திலேயே தாமும் நின்றார். அவர்கள் எழுத்தைப் பற்றி மெய்யென்றனர். இவர் எழுத்தைப் பற்றிப் பொய்யென்றார். இக்கதை எதனை உணர்த்தப் பிறந்தது என்னும் வினா அங்கே எழவில்லை.

ஆயினும் ஆர்னல்டின் தீர்ப்பை முற்றாக ஏற்றல் இயலாது. ஒவ்வோர் எண்ணும் இறைவாக்கே எனச் சாதிப்போர்க்கு எண்ணாலன்றி விடை கூறுதல் அரிது. மேலும், பிற்பகுதிகளில் அவர் நூல் எழுந்த காலத்தையும் இயற்றியோரையும் ஆராய்ந்து, உபாகமம் எரேமியாவின் காலத்தை ஒட்டியது எனக் கண்டார். ஒல்லாந்த அறிஞர் கூனன் கொலென்சோவின் முதற் பகுதியைக் கற்றுத் தம் கொள்கையை மீள ஆராய்ந்தார்.

நூலின் உயிர்நிலை கணக்கில் இல்லை, வேறோரிடத்தில் உள்ளது. அடிமையைக் கோலால் அடித்தவன், அவ்வடிமை ஓரிரு நாள் உயிர்வாழ்ந்து பின் இறப்பின், தண்டனை பெறான். ஏனெனில் அடிமை அவனது பணம் என்று யாத்திராகமம் விதிக்கின்றது. இதனை மொழிபெயர்க்கக் கேட்ட சூலுத் துணைவர், அருட்கடலான இறைவன் இதனைக் கூறினாரா என வெறுப்புற்றதைக் கொலென்சோ தம் முன்னுரையிற் பதிந்துள்ளார். தொகை பிழைத்தால் ஓர் ஏடே பிழைக்கும்; இவ்விதி இறைவாக்காயின் இறைவனே கொடியவனாவான். எழுத்தையே பற்றுவோர் பிறனை நேசி என்னும் கட்டளையையும் அடிமை விதியையும் ஒரே தட்டில் வைக்கின்றனர். அதே காலத்தில் அமெரிக்கத் தென்மாநிலத்தார் அடிமைமுறைக்கு வேதாகமத்தை அரண் ஆக்கினர் என்பது நினைக்கத்தக்கது.

1863 இற் கேப்டவுன் அத்தியட்சர் கிறே அவரைப் பதவி நீக்கினார். பிரிவிக் கவுன்சில் எனப்படும் கோமறைக் கழகம் 1865 இல் அத்தீர்ப்புச் செல்லாதென்றது. 1873 இற் சிறைப்பட்ட லங்கலிபலேலே என்னும் தலைவனுக்காகவும், 1879 இற் சூலு நாட்டின் மேல் தொடுத்த போருக்கு எதிராகவும் கொலென்சோ வாதாடினார். 1883 இல் அவர் மறைந்தார். மக்களின் தந்தை எனப் பொருள்படும் சோபந்து என்னும் பெயர் அம்மக்கள் அவருக்கு இட்டது.

1965 இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வேதாகமத்தின் இலக்கிய வகைகளை நோக்கிப் பொருள் கொள்ளல் வேண்டும் என்றது. 1978 இற் சிக்காகோவிற் கூடிய அமெரிக்கச் சமயவாதிகள் அதில் யாதொரு பிழையும் இல்லை என்றனர். வழக்கு முடியவில்லை. கொலென்சோவின் கணக்குகளுட் பல இன்று பழமைப்பட்டுவிட்டன. கேட்டவன் கல்லாதவன் என எண்ணி மழுப்பாது, அவன் ஐயத்தைத் தம் ஐயமாக ஏற்ற நேர்மை பழமைப்படவில்லை. எச்சமய நூலைக் கற்பிப்போர்க்கும் அது வேண்டப்படுவது.