முடிவற்ற தூணும் உருவவாத விவாதமும்

அரூபக் கலை யாவும் முதலாளித்துவச் சீரழிவின் வெளிப்பாடே எனக் கொள்ளும் போக்கு முற்போக்கு விமர்சகரிடையே இன்றும் முற்றாக அற்றுவிடவில்லை. இம்முடிவினைப் பரிசீலிப்பதற்கு ருமேனியாவின் தர்கு ஜியு நகரில் நிற்கும் 'முடிவற்ற தூண்' தக்கதோர் உரைகல்லாகும்.

1916இல் ஜேர்மன் படைகளை எதிர்த்து ஜியு ஆற்றங்கரையில் வீழ்ந்தோரின் நினைவாக 1938இல் இது நிறுவப்பெற்றது. ஆக்கியவர் கொன்ஸ்தந்தீன் பிரன்கூஷ் (1876-1957). ஹோபிற்சா என்னும் அயற்கிராமத்து விவசாயக் குடும்பத்திற் பிறந்து, பாரிஸில் வாழ்ந்தவர். தூணின் உயரம் 29.3 மீற்றர். எஃகு மையத்தண்டொன்றில் வார்ப்பிரும்பு அலகுகள் மணிகள் போலக் கோக்கப்பட்டுள்ளன. முழு அலகுகள் பதினைந்து; அடியிலும் உச்சியிலும் உள்ளவை குறை அலகுகள்.

போர்வீரனின் முகமோ, வாளோ, குதிரைமேல் வீற்றிருக்கும் தளபதியோ இங்கில்லை. போர் நினைவுச்சின்னங்கள் பெரும்பாலும் மாண்டோரின் பெயரால் ஆண்டோரையே உயர்த்துவன. இத்தூணிலோ ஓரலகு மற்றோரலகினும் பெரிதன்று. உச்சி அலகும் பாதியிலே நின்றுவிடுவதால் முடிசூடிய சிகரமென்று எதுவுமில்லை. கிராமத்து வீட்டுத் திண்ணைகளின் செதுக்கு மரத்தூண்களை இவ்வடிவம் நினைவூட்டுவதைப் பலரும் சுட்டியுள்ளனர். விவசாயியின் உழைப்பிற் பிறந்த வடிவமொன்று விவசாயப் போர்வீரர்க்கு நினைவாக எழுந்ததெனின், அதனை உள்ளடக்கமற்ற உருவம் என்பது எங்ஙனம்?

எனினும் இதன் மௌனத்தையும் நாம் மறைத்தலாகாது. இச்சின்னத்தை அமைக்க முன்னின்ற கோர்ஜ் மாவட்ட மாதர் சங்கத்தின் தலைவி அரெத்தியா தத்தரெஸ்கு, பிரதமராயிருந்த ஒருவரின் மனைவி. அலகுகள் வார்க்கப்பட்டது ஜியு நிலக்கரிப் பள்ளத்தாக்கின் பெத்ரோஷானிப் பட்டறையில். பொறியியற் பொறுப்பு ஷ்தெபான் ஜோர்ஜெஸ்கு-கோர்ஜானுடையது. அதே பள்ளத்தாக்கின் லுப்பெனியில், 1929இல், வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளர் இருபதுபேருக்கு மேல் அரசபடையாற் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்க்காக எந்தச் சீமாட்டியும் பிரன்கூஷை அழைக்கவில்லை. குறை சிற்பத்தின் அரூபத் தன்மையிலன்று. எவருடைய மரணம் நினைவுகூரத்தக்கது எனத் தீர்மானித்த வர்க்க அதிகாரத்திலேயே உளது.

இவ்வேறுபாட்டினை உணராமையே பின்னைய விபரீதத்திற்குக் காரணமாயிற்று. 1950களின் தொடக்கத்தில், சோஷலிசத்தின் பெயரால் ஆண்ட உள்ளூர் நிருவாகம், பழைய இரும்பாகக் கருதி இத்தூணை இழுத்து வீழ்த்த முயன்றது. தூண் அசையவில்லை. 1956இல் பிரன்கூஷ் தமது பாரிஸ் சிற்பக்கூடத்தைப் பிரெஞ்சு அரசுக்கே உரித்தாக்கினார். மார்க்சியர் என்ற வகையில் இவ்வத்தியாயத்தை நாம் கூச்சத்துடனேனும் வாசித்தல் வேண்டும். சில ஆண்டுகளிலேயே அதே ஆட்சி அவரைத் தேசிய மேதையாக்கி, 1976இல் நூற்றாண்டு விழாவும் எடுத்தது. முன்னர் இரும்பை மட்டும் கண்டது. பின்னர் தேசத்தை மட்டும் கண்டது. உழைப்பை இருமுறையும் காணவில்லை.

2024இல் தர்கு ஜியுத் தொகுதி யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் பிரன்கூஷின் பெயரால் இடம்பெற்றது. பெத்ரோஷானி வார்ப்படத் தொழிலாளரையும் லுப்பெனியில் மாண்டோரையும் இத்தூணின் வரலாற்றினுள் வைத்து எழுதுவது விமர்சகருக்குரிய வேலை.