பிறனில் விழையாமையும் 497ஆம் பிரிவும்

திருக்குறளின் 15ஆம் அதிகாரமாகிய பிறனில் விழையாமையை இக்காலச் சட்டத்தோடு ஒப்பிடுங்கால், பெண்ணைக் கணவனின் உடைமையாகக் கருதிய பழைய நோக்கு இரண்டற்கும் பொதுவெனத் தோன்றும். அத்தோற்றம் எத்துணை உண்மை என்பதை ஈண்டு ஆராய்வாம்.

அவ்வதிகாரத்துள் மணமான பெண்ணைக் குறிக்கும் சொற்களை முதற்கண் நோக்குக. 141ஆம் குறளில் பிறன் பொருளாள் என்றும், 147இல் பிறன் இயலாள் என்றும், 149இல் பிறற்கு உரியாள் என்றும், 150இல் பிறன் வரையாள் என்றும் அவள் சுட்டப்படுகிறாள். நான்கிலும் அவள் பிறனொருவனைச் சார்த்தியே கூறப்படுகிறாள். முதற்சொல்லுக்குப் பரிமேலழகர் உடைமைப் பொருளே கொள்வர். இதனை மறைத்துரைத்தல் ஆராய்ச்சியாகாது.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 497ஆம் பிரிவும் இந்நோக்கினதே. பிறன் மனைவியைக் கூடிய ஆடவனுக்கு 5 ஆண்டு வரை சிறையோ, தண்டமோ, இரண்டுமோ விதித்த அப்பிரிவு, அம்மனைவியைத் தண்டனைக்கு உட்படுத்தவில்லை. ஆயின் கணவன் இசைந்தானாயின் குற்றமே இல்லையாயிற்று. குற்றவியல் நடைமுறைச் சட்டமும் கணவனையே குறையுற்றோனாகக் கொண்டது. பிறள்பாற் சென்ற கணவன்மீது அவன் மனைவி இக்குற்றம் சாட்ட வழியில்லை. 1985இல் இப்பிரிவை நிலைநிறுத்திய உச்ச நீதிமன்றம், 2018 செப்டம்பர் 27 அன்று ஐவர் அமர்வின் ஒருமித்த முடிவால் அதனைச் செல்லாதென நீக்கிற்று.

சொல்லளவில் குறளும் சட்டமும் ஒத்தனவேனும், குற்றத்தின் இயல்பில் அவை வேறுபடுகின்றன. உடைமையாளன் இசைந்தால் உடைமைக் குற்றம் ஒழியும். சட்டம் இவ்வழியே சென்றது. குறளிலோ கணவன் இசைவு என்னும் பேச்சுக்கே இடமில்லை. பகையும் பாவமும் அச்சமும் பழியும் செய்தவனை விட்டு நீங்கா என்பதே ஆங்குக் கூறப்படும் பயன். இஃது ஒருவன் பொறுத்தருளித் தீர்க்கக்கூடிய கடனன்று. அறத்தினின்று வழுவியவன் தானே சுமக்கும் சுமை என்க. ஆதலின் ஆசிரியர் உடைமைச் சொல்லை ஆண்டாரேனும், உடைமை வாதத்தை ஆண்டிலர் என்பது எம் துணிபு.

அதிகாரம் வைக்கப்பெற்ற இடமும் இதற்குச் சான்றாகும். அஃது இல்லறவியலின்கண் உள்ளது. வேந்தன் கொடியாரை ஒறுத்தலைச் செங்கோன்மையில் கூறும் வள்ளுவர், ஆண்டு இக்குற்றத்தை எடுத்தோதவில்லை. பரிமேலழகரே 550ஆம் குறளுரையில், கொடியார் யாவர் என விரிக்குமிடத்துப் பிறனில் விழைவாரையும் உடன் எண்ணுவர். மூலம் தன்னடக்கத்தின்பாற் படுத்ததனை உரை அரசன் தண்டத்தின்பாற் சேர்த்தது. இவ்வேறுபாட்டை உணராது உரையின் கருத்தை நூலின் கருத்தாகக் கோடல் பிழையாம்.

எனினும் குறளுக்கும் ஓர் எல்லை உண்டு. பத்துக் குறளுள் ஒன்றேனும், தவறிய ஆடவனின் மனைவி எய்தும் துயரைப் பேசவில்லை. 497ஆம் பிரிவு அவளுக்கு வாய்திறக்க இடந்தரவில்லை; குறள் அவளை நினைக்கவேயில்லை. இவ்விடத்து இரண்டும் ஒன்றே.

2018ஆம் ஆண்டுத் தீர்ப்பிற்குப் பின்னும் பிறர்பால் ஒழுகுதல் மணமுறிவுக்குக் காரணமாக நிற்கிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் அவ்வுரிமையைக் கணவன் மனைவி இருவர்க்கும் அளிக்கிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 497ஆம் பிரிவுக்கு நேரானது இல்லை. ஆயினும் தீய கூட்டம் கருதிப் பிறன் மனைவியைக் கவர்ந்து செல்லுதல் அதன் 84ஆம் பிரிவில் இன்னும் குற்றமே. ஆங்கும் அவள் பிறனுக்கு உரியாளாகவே சுட்டப்படுகிறாள். ஒரு பிரிவை நீக்குதலினும் ஒரு சொல்வழக்கை நீக்குதல் அரிது. அவ்வழக்கு எவ்விடத்து வெறுஞ்சொல்லாக நிற்கிறது, எவ்விடத்து நீதியையே ஆள்கிறது எனப் பிரித்துக் காண்டல் இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கும் கடனாகும்.