கேட்பவனும் எண்ணிக்கையும்

ஆர்க்டிக் மங்கீஸ் என்ற ராக் இசைக்குழுவை மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளம் உருவாக்கிற்று என்பது 2006-இல் ஆங்கிலப் பத்திரிகைகள் கட்டிவிட்ட கதை. புதிதாக ஒரு குழுவைத் தொடங்குகிறவர்களுக்கு இன்றுவரை வேதமாக ஓதப்படுவதும் இதுதான். பாட்டை வலைத்தளத்தில் போடு, நண்பர்களைச் சேர், எண்ணிக்கை பெருகும், பெருகினால் கம்பெனிக்காரன் தேடி வருவான். கதையில் ஒரே ஒரு குறைதான். நடந்தது அது அல்ல.

இங்கிலாந்தின் எஃகு நகரமான ஷெஃபீல்டில் 2002-இல் தொடங்கிய குழு இது. சின்ன அரங்குகளில் வாசிக்கும்போது, தாங்களே பதிவு செய்த பாட்டுகளைக் குறுந்தகட்டில் எடுத்து வந்து கேட்க வந்தவர்களுக்குச் சும்மா கொடுத்தார்கள். தகடுகள் கொஞ்சம், கேட்க விரும்பியவர்கள் அதிகம். கிடைத்தவர்கள் பிரதியெடுத்து இணையத்தில் பகிர்ந்துகொண்டார்கள். அத்தொகுப்புக்கு 'பினீத் த போர்டுவாக்' என்ற பெயர் வந்ததும் ரசிகர்களிடமிருந்துதான். போர்டுவாக், பாடகர் அலெக்ஸ் டர்னர் மது பரிமாறும் வேலை பார்த்த உள்ளூர் அரங்கு. மைஸ்பேஸ் பக்கத்தைத் திறந்ததும் ரசிகர்களே. அது என்னவென்றே தங்களுக்குத் தெரியாது என்று குழுவினர் 2005-இல் சொன்னார்கள். அந்த வருஷம் அக்டோபரில் டாமினோ என்ற சுயேச்சை நிறுவனம் வெளியிட்ட தனிப்பாடல் பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2006 ஜனவரியில் வந்த முதல் ஆல்பம் ஒரே வாரத்தில் 3,63,000 பிரதிகளுக்கு மேல் விற்றது.

ஆக, கேட்பவன் முதலில் வந்தான். பக்கம் பிறகு வந்தது. ஏன் அவன் வந்தான் என்ற கேள்விக்கு விளம்பர சாஸ்திரத்தில் பதில் கிடையாது, பாட்டில்தான் கிடைக்கும். நடன விடுதி வாசலில் உள்ளே விட மறுக்கும் காவலாள், நள்ளிரவில் பிடிக்க வேண்டிய வாடகைக் கார், பையன்களை வண்டியில் ஏற்றும் போலீஸ் என்று ஷெஃபீல்டின் இரவு அப்பாட்டுகளில் இருக்கிறது. அதுவும் அந்த ஊர் உச்சரிப்பிலேயே. கேட்டவன் தன் தெருவைத் தன் வாய்மொழியில் கேட்டான். 'ஃபேக் டேல்ஸ் ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' என்ற ஆரம்பகாலப் பாட்டு, ஊரைவிட்டு நகராமலே அமெரிக்கப் பாவனை பண்ணும் குழுக்களைக் கேலி செய்வது. ஒருவனுடைய அனுபவத்தை இன்னொருவன் தன்னுடையதாக அடையாளம் கண்டுகொண்டால், அதை மூன்றாமவனிடம் சொல்லாமல் இருக்க முடியாது. பரவுதல் என்பது இதுதான்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. 2018 நவம்பரில் திரெட்டின் என்ற பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸ் கலைஞர் ஒருவர் ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். வலைத்தளத்தில் ஆயிரக்கணக்கான விருப்பக் குறிகள், ஆரவாரிக்கும் கூட்டத்தின் வீடியோக்கள், நிகழ்ச்சி ஏற்பாட்டு நிறுவனம், எல்லாம் இருந்தன. எல்லாம் ஜோடனை. லண்டனில் அண்டர்வேர்ல்ட் அரங்கம் ஏறக்குறையக் காலியாகக் கிடந்தது. கூலிக்கு வந்த வாத்தியக்காரர்கள் பாதியில் விலகிக்கொண்டார்கள். ஆனால் மோசடி அம்பலமானதும் உலகப் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின. பிரபலம் கிடைத்தே விட்டது. பிரசாரம் என்ற அளவில் இது பூரண வெற்றி. அவருடைய பாட்டு எப்படி என்று மட்டும் யாரும் பேசவில்லை.

இங்கேதான் விமர்சனத்தின் பாடு இருக்கிறது. திரெட்டினை ஒரு தனி மனிதரின் அற்பத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. எண்ணிக்கையைப் பார்த்து அரங்கைக் கொடுத்தவர்கள் பாட்டைக் கேட்டா கொடுத்தார்கள்? ஆர்க்டிக் மங்கீஸை மைஸ்பேஸின் வெற்றியாக வர்ணித்தவர்களும் அதே காரியத்தைத்தான் செய்தார்கள். மதிப்பீடு செய்ய வேண்டிய இடத்தில் கணக்குப் பார்ப்பது சௌகரியம். ரசனை வேண்டாம், பொறுப்பும் வேண்டாம்.

அப்படியானால் வலைத்தளத்துக்குப் பங்கே இல்லையா? உண்டு, தபால்காரனுக்கு உள்ள பங்கு. ஆனால் இவன் கடிதங்களைத் தன் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் தபால்காரன். மைஸ்பேஸை 2005-இல் நியூஸ் கார்ப்பரேஷன் 58 கோடி டாலருக்கு வாங்கி, 2011-இல் சுமார் 3.5 கோடிக்கு விற்றது. 2019-இல் ஒரு செய்தி வந்தது: 2003 முதல் 2015 வரை ஏற்றப்பட்ட பாட்டுகள், கணினிகளை மாற்றும்போது அழிந்துபோயின. ஐந்து கோடிக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. தங்கள் ஆய்வுக்காக யாரோ பிரதியெடுத்து வைத்திருந்த ஏறத்தாழ 4,90,000 பாட்டுகளை மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் மீட்டுப் பொதுவில் வைத்தது.

போனவற்றில் பெரும்பாலானவை சாதாரணமானவையாகவே இருந்திருக்கும். ஆனால் ஒரு மரபு சிகரங்களால் மட்டும் ஆவதில்லை. தோற்றவர்களின் முயற்சிகளும் அதன் மண். ஒரு தலைமுறையின் கன்னி முயற்சிகள் அனைத்தையும் ஒரு வியாபார ஸ்தாபனத்தின் அலமாரியில் வைத்துவிட்டு, அங்கே சேர்ந்த எண்ணிக்கையைக் கலை என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஷெஃபீல்டில் சும்மா கொடுத்த குறுந்தகடு யாரோ ஒருவன் கைக்குப் போயிற்று. அவன் அதைக் கேட்டான். புதிய குழு தேட வேண்டியது அந்த ஒருவனை. அவன் இல்லாமல் லட்சம் பேர் சேர்ந்தாலும் அரங்கம் காலிதான்.