விளக்கு அல்ல, சம்பளக் கவர்: ஹாத்தார்ன் கதையை மறுபடி படித்தபோது

ஐடி கம்பெனியில் டீம் லீடாக ஆனவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது அந்த ரெண்டு நாள் ட்ரெயினிங்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஏசி ஹால், வட்ட மேசை, நடுவில் மிட்டாய்க் கிண்ணம். முதல் நாள் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கதை வரும். அமெரிக்காவில் ஒரு தொழிற்சாலை. வெளிச்சத்தைக் கூட்டினார்கள், உற்பத்தி கூடியது. வெளிச்சத்தைக் குறைத்தார்கள், அப்போதும் கூடியது. ஏன்? தங்களை யாரோ கவனிக்கிறார்கள் என்ற உணர்வுதான் காரணம். ஆகவே மேலாளர்களே, மனிதர்களைக் கவனியுங்கள், காசு மட்டும் போதாது. கைதட்டல். சாப்பாடு.

நானும் கைதட்டியவன்தான். அதோடு விடாமல் அந்தக் கதையைப் பல வருஷம் நடைமுறையிலும் வைத்திருந்தேன். "சார், இந்தத் தடவை ஹைக் ஏதாவது..." என்று கேட்ட பையனுக்கு டீம் முழுக்கப் போகிற மாதிரி ஒரு பாராட்டு மெயில் போட்டிருக்கிறேன். அவன் நன்றி சொல்லிவிட்டு மூன்றாம் மாதம் பேப்பர் போட்டான். நிஜமாகவே எனக்குப் புரியவில்லை. கவனித்தேனே, அப்புறம் என்ன?

ஆர்கனைசேஷனல் பிஹேவியர் அடிப்படைப் பாடப்புத்தகங்களைச் சமீபத்தில் வரிசையாகப் படித்தேன். எம்பிஏ மாணவர்களுக்கானவை. எதை எடுத்தாலும் புலனுணர்வு, ஆளுமை, ஊக்கம் என்ற மூன்று அத்தியாயங்கள் இருக்கும், முன்னுரையில் ஹாத்தார்ன் இருக்கும். அந்த முன்னுரைக் கதையை அதே புத்தகத்தின் மூன்று அத்தியாயங்களை வைத்துப் பரிசோதித்தால் என்ன ஆகும்? இந்தக் கட்டுரை அந்த முயற்சிதான்.

நடந்தது என்ன

இடம், சிகாகோவை ஒட்டிய சிசரோ ஊரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலை. அமெரிக்காவின் தொலைபேசிக் கருவிகளில் பெரும்பகுதி அங்கேதான் தயாரானது. ஆய்வுகள் 1924இல் ஆரம்பித்து 1930களின் தொடக்கம் வரை நடந்தன. ட்ரெயினிங் ஹாலில் ஒரே கதையாகச் சொல்லப்படுவது உண்மையில் பல தனித்தனிச் சோதனைகள். முக்கியமானவை மூன்று.

ஒன்று, 1924 முதல் 1927 வரை நடந்த விளக்குச் சோதனைகள். இரண்டு, 1927இல் தொடங்கிய ரிலே சோதனை அறை. இதில் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்காரவைத்து, தொலைபேசி ரிலேக்களைப் பூட்டச் சொல்லி, ஓய்வு நேரத்தையும் வேலை நேரத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சில வருஷங்களில் உற்பத்தி சுமார் 30 சதவீதம் ஏறியது. மூன்று, 1931 நவம்பரிலிருந்து 1932 மே வரை 14 ஆண்களை வைத்து நடந்த பேங்க் வயரிங் அறை. ஹார்வர்டைச் சேர்ந்த எல்டன் மேயோ 1928இல்தான் இதற்குள் வருகிறார். ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் எழுதிய விரிவான அறிக்கைப் புத்தகம் 1939இல் வந்தது.

ஊக்கம்: ஒரே ரிலீஸில் எத்தனை மாற்றம்?

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு பாலபாடம் உண்டு. ஒரே ரிலீஸில் நாலு மாற்றம் போட்டுவிட்டு வேகம் கூடியதற்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் கைகாட்டக் கூடாது. ரிலே அறையில் நடந்தது அதுதான்.

அந்த ஐந்து பெண்களும் அதற்கு முன் சுமார் நூறு பேர் கொண்ட பெரிய குழுவோடு சேர்த்துப் பீஸ் ரேட் வாங்கியவர்கள். நூறு பேர் உழைப்பைக் கூட்டிப் பங்கு போட்டால், நான் ஒருத்தி வேகமாகப் பூட்டுவதில் என் கவருக்கு என்ன வந்துவிடும்? சோதனை அறைக்கு வந்த சில வாரங்களில் இந்த ஐந்து பேரையும் தனிக் குழுவாக்கிச் சம்பளம் கணக்கிட்டார்கள். இப்போது கொஞ்சம் வேகமாகச் செய்தால் அந்த வாரமே கையில் தெரியும். ஓய்வு இடைவேளைகள் எல்லாம் இதற்குப் பிறகுதான் வந்தன.

அப்படியானால் காசு காரணமா, கவனிப்பு காரணமா? இந்தச் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் வந்திருக்கிறது. வேறு ஐந்து பேரைத் தனி அறைக்குக் கொண்டுபோகாமல், இருந்த இடத்திலேயே வைத்து, சம்பள முறையை மட்டும் சிறு குழுவுக்கு மாற்றிப் பார்த்தார்கள். உற்பத்தி உடனே சுமார் 12 சதவீதம் ஏறியது. பக்கத்தில் இருந்தவர்களிடம் முணுமுணுப்பு எழவே ஒன்பது வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். நிறுத்தியதும் உற்பத்தி இறங்கியது.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். மைக்கா பிளக்கும் பிரிவில் சம்பள முறையைத் தொடாமல் தனி அறையும் ஓய்வும் மட்டும் கொடுத்தபோது சுமார் 15 சதவீதம் ஏற்றம் இருந்தது. ஆகக் காசு மட்டும்தான் என்று நானும் சொல்லமுடியாது. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர், காசு பெரிய விஷயமில்லை என்ற முடிவுக்கு எப்படி வரமுடியும்? 1967இல் அலெக்ஸ் கேரி என்ற ஆஸ்திரேலியர் இதையேதான் கேட்டார். அவர் புதிதாக எதையும் தோண்டவில்லை. 1939 புத்தகத்தில் இருந்த எண்களையே எடுத்து, உங்கள் ஆதாரம் உங்கள் முடிவுக்கு எதிராக இருக்கிறதே என்று காட்டினார்.

அந்த அறிக்கைப் புத்தகத்தை இந்த இடத்தில் நான் பாராட்டுவேன். தன் முடிவைக் கவிழ்க்கக்கூடிய எண்களையும் அது மறைக்காமல் அச்சிட்டது. அதைச் சுருக்கிச் சுருக்கி ஸ்லைடாக்கியவர்கள் முடிவை வைத்துக்கொண்டு எண்களை விட்டுவிட்டார்கள்.

ஆளுமை: அந்த இரண்டு பெண்கள்

ஸ்லைடில் ஒருபோதும் வராத ஒரு தகவல் இருக்கிறது. 1928 ஜனவரியில் அந்த ஐந்து பேரில் இருவரை அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அதிகம் பேசுகிறார்கள், ஒத்துழைப்பு இல்லை என்பது காரணம். இயல்பாக வேலை செய்யுங்கள் என்று சொல்லித்தான் உள்ளே அழைத்துவந்திருந்தார்கள். பேச்சு அதிகமானபோது கண்டித்தார்கள், கண்டிப்பு பலிக்காதபோது ஆளை மாற்றினார்கள்.

பதிலுக்கு வந்த இருவரும் கைதேர்ந்தவர்கள். அதில் ஒருவருக்கு வீட்டில் நேர்ந்த மரணங்களுக்குப் பிறகு குடும்ப வருமானப் பொறுப்பு பெரும்பாலும் அவர் தலையில் விழுந்தது. அந்த அறையின் வேகத்தை அதன்பின் இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். கனிவான மேற்பார்வையின் வெற்றி என்று சொல்லப்படும் ஏற்றத்தில் ஒரு பகுதி, இரண்டு பேரை நீக்கிவிட்டுக் காசு அவசியமாகத் தேவைப்பட்ட ஒருவரைக் கொண்டுவந்ததால் வந்தது. 1978இல் ஃபிராங்க், கால் என்ற இருவர் அந்தத் தரவைப் புள்ளியியல் முறையில் அலசினார்கள். இந்த ஆள்மாற்றம், பொருளாதார மந்தம், ஓய்வு நேரம் ஆகியவையே ஏற்ற இறக்கத்தின் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று கண்டார்கள்.

நீக்கப்பட்டவர்களில் ஒருவரின் மனப்போக்கை மேயோ பிற்பாடு அவருடைய ரத்தசோகையோடு முடிச்சுப்போட்டார். எனக்கு உறுத்துவது இதுதான். ஒரு தொழிலாளி முறைத்துக்கொண்டால் அவள் குணத்தில் கோளாறு, இல்லாவிட்டால் ரத்தத்தில் கோளாறு. அவள் எதைப் பற்றி முறைத்தாள் என்ற கேள்வியைக் காணோம்.

புலனுணர்வு: யார் கண்ணால் பார்ப்பது?

ஒருவர் தாமதமாக வந்தால் சோம்பேறி என்கிறோம், நாம் தாமதமாக வந்தால் ட்ராஃபிக் என்கிறோம். அடுத்தவர் செயலுக்குக் காரணம் அவர் குணத்தில் இருப்பதாகவும், சூழ்நிலை அற்பமானதாகவும் நமக்குத் தெரிகிற பிழை இது. 1977இல் லீ ராஸ் இதை அடிப்படைக் காரணப் பிழை என்ற பொருளில் பெயரிட்டார். எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. அதே புத்தகம் முன்னுரையில் அதே பிழையைச் செய்திருக்கிறது.

பேங்க் வயரிங் அறையைப் பாருங்கள். அங்கேயும் ஆய்வாளர் உள்ளேயே உட்கார்ந்து தினமும் கவனித்தார். ஆனால் உற்பத்தி ஏறவில்லை! ஒரு நாளைக்கு இவ்வளவு இணைப்புகள்தான் என்று ஆண்கள் தங்களுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். கிட்டத்தட்ட 6,000 முதல் 6,600 வரை. அதற்கு மேல் போனவனுக்குப் பட்டப்பெயர், புஜத்தில் ஒரு குத்து. கவனித்தாலே உற்பத்தி கூடும் என்பது விதியானால் அது இங்கே ஏன் வேலை செய்யவில்லை?

அந்த ஆண்கள் காரணம் சொன்னார்கள். அதிகம் செய்தால் ரேட்டைக் குறைப்பார்கள், ஆளைக் குறைப்பார்கள் என்றார்கள். வருஷம் 1931, 1932. பெருமந்தத்தின் நடுவில், ஊர் முழுக்க வேலை போய்க்கொண்டிருந்தபோது, இதைவிடத் தெளிவான கணக்கு என்ன இருக்கமுடியும்? ஆனால் அறிக்கை இதைக் குழு உணர்வின் தர்க்கம் என்று வகைப்படுத்தியது. மேலாளர் செலவைக் குறைத்தால் அது பொருளாதாரம், தொழிலாளி உழைப்பை அளந்து கொடுத்தால் அது உணர்ச்சி.

கடைசியாக அந்தப் புகழ்பெற்ற விளக்குகள். அவற்றின் தரவு தொலைந்துவிட்டது என்றே வெகுகாலம் நம்பினார்கள். ஸ்டீவன் லெவிட்டும் ஜான் லிஸ்ட்டும் அதைத் தேடிப்பிடித்து அலசி 2011இல் வெளியிட்டார்கள். விளக்கு மாற்றங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்யப்பட்டிருந்தன. திங்கட்கிழமை உற்பத்தி கூடியதும் உண்மை. ஆனால் விளக்கைத் தொடாத வாரங்களிலும் திங்கட்கிழமை உற்பத்தி கூடத்தான் செய்தது! ஒரு நாள் லீவு முடிந்து வந்தவர்களின் வேகம் அது. கூட்டினாலும் குறைத்தாலும் ஏறியது என்ற அதிசயத்துக்கு அந்தத் தரவில் பெரிய ஆதாரம் இல்லை.

அப்படியானால் கதை ஏன் சாகவில்லை?

என் ஊகம் இது. இந்தக் கதை மேலாளருக்கு வசதியானது. சம்பளம் அவர் கையில் இல்லை, கவனிப்பு இருக்கிறது. கையில் இருப்பதே மருந்து என்று யாராவது சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? எனக்கும் பிடித்தது.

கவனிப்பு வீண் என்று நான் சொல்லவரவில்லை. மரியாதையாகப் பேசுகிற மேலாளருக்குக் கீழே வேலை பார்ப்பது நல்லதுதான். அது அதற்காகவே நல்லது. சம்பளத்துக்குப் பதிலாக அதை நீட்டும்போதுதான் ஏமாற்று ஆகிறது.

ஒரு சொந்தக் கணக்கையும் இங்கே தீர்க்கவேண்டும். சில வருஷங்களுக்கு முன் என் டீமில் ஒரு டெஸ்டர் இருந்தார். ராத்திரி ரிலீஸ் கால் எவ்வளவு முக்கியமாக இருந்தாலும் எட்டரை மணிக்கு ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார். அப்ரைசலில் "ஈடுபாடு குறைவு" என்று எழுதினேன். ரேட்டிங் ஒரு படி இறங்கியது, அந்த வருஷ ஹைக்கும் போனது. அவர் சண்டை போடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு ஒருநாள் என் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்ததால் ஆபீஸ் கேப்புக்காக நின்றபோதுதான் தெரிந்தது. அவர் போகும் ரூட்டில் கடைசி கேப் எட்டு நாற்பதுக்கு. அதை விட்டால் ரெண்டு பஸ் மாறவேண்டும்.

கேப் டைம் டேபிள் செக்யூரிட்டி மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருந்தது. மூன்று வருஷமாக அதைத் தாண்டித்தான் தினமும் நடந்து போயிருக்கிறேன். என்னிடம் கார் இருந்ததால் அதைப் படிக்கவேண்டிய அவசியம் வரவில்லை. அவரை நான் கவனிக்காமல் இல்லை. எட்டரை மணிக்கு அவர் எழுந்ததை ஒவ்வொரு தடவையும் கவனித்தேன். எங்கே போகிறார் என்று மட்டும் கேட்கவில்லை.

இந்த மார்ச்சில் மறுபடி பதினோரு பேருக்கு அப்ரைசல் எழுதவேண்டும். இந்தத் தடவை எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒருவரைப் பற்றிக் குணத்தைச் சொல்லும் வார்த்தை எதையாவது எழுதத் தோன்றினால், அதை எழுதும் முன் அவரிடமே போய் என்ன நடந்தது என்று கேட்பது. 1928 ஜனவரியில் அந்த இரண்டு பெண்களிடம் கேட்டிருக்கவேண்டிய கேள்வியும் அதுதான்.